6,514 ஜன்னல்கள்

சென்னை மெரினாவுக்கு எதிரே வட்ட முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதிக்கு இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடருக்காக 1842-இல் எழுந்த பனிக்கட்டிக் கிடங்கு அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்தார்கள். வழியில் உருகியது போக மிஞ்சியது இந்தக் கிடங்கில் அடுக்கப்பட்டது.

இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் வழி வந்ததும் அந்த வணிகம் ஓய்ந்துவிட்டது. ஆனால் பனிக்கட்டி வைத்து அளந்த கணக்கு மட்டும் இன்றும் நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ‘ஒன்றரை டன் ஏசி’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த டன் ஏசியின் எடை இல்லை. ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டி, அதாவது 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகி முடிக்கும்போது எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை இழுக்கும் திறனே ஒரு டன். கிலோவாட்டில் சொன்னால் 3.517. பெரிய அலுவலகக் கட்டடத்தில் இந்தக் கணக்கு நூற்றுக்கணக்கான டன்னாகும். வானளாவிய கட்டடம் என்றால் ஆயிரக்கணக்கில் போகும்.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தைப் பற்றியது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம். 1931 மே 1 அன்று திறக்கப்பட்டது, 102 தளங்கள். அதன் குளிரூட்டும் அமைப்பைப் புதுப்பித்த கதையில், நம் ஊர் அலுவலகங்கள் ஒவ்வொன்றும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரிசை இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை.

அதற்குமுன், பெரிய கட்டடம் எப்படிக் குளிர்கிறது என்று பார்த்துவிடலாம். குளிர் என்ற ஒரு பொருளை எந்த இயந்திரமும் உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். வீட்டு ஏசியில் இந்த வேலை ஒன்றிரண்டு பெட்டிக்குள் முடிந்துவிடும். பெரிய கட்டடத்தில் அது கைமாற்றி கைமாற்றிப் போகிறது. அறையின் வெப்பத்தைக் காற்று வாங்குகிறது. அந்தக் காற்று ஏ.எச்.யூ. என்ற பெரிய பெட்டிக்குள், குளிர்நீர் ஓடும் செம்புக் குழாய்ச் சுருள்களுக்கிடையே நுழைந்து, வெப்பத்தை நீரிடம் கொடுத்துவிடுகிறது. ஏறத்தாழ 7 டிகிரியில் வந்த நீர் 12 டிகிரியாகித் திரும்புகிறது. அந்த நீரிடமிருந்து, சில்லர் என்ற குளிர்விக்கும் இயந்திரத்துக்குள் இருக்கும் குளிர்பொருள் வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றுகிறது. சூடான ஆவி, கண்டென்சர் என்ற பகுதியில் இன்னொரு நீர்ச்சுற்றிடம் வெப்பத்தை ஒப்படைத்துவிட்டு மறுபடியும் திரவமாகிறது. அந்த நீர் மொட்டைமாடிக் கூலிங் டவரில் மழைபோல் விழுகிறது. அதில் ஒரு பங்கு ஆவியாகிப் போகும்போது வெப்பமும் வானத்தில் கலக்கிறது. ஒரு டன் குளிர்ச்சியை ஒரு மணி நேரம் தர, டவரில் சுமார் 6 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். 500 டன் ஓடும் கட்டடத்தில் அது மணிக்கு 3,000 லிட்டர். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நகரத்தில் இந்த எண்ணைச் சற்று நேரம் மனதில் வைத்திருங்கள்.

இந்தச் சங்கிலியில் மின்சாரத்தை அதிகம் குடிப்பது கம்ப்ரசர். அதனால்தான் கட்டணம் ஏறினாலோ, அறைகள் குளிரவில்லை என்று புகார் வந்தாலோ எல்லார் கண்ணும் சில்லர் மீதே விழுகிறது. ‘பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம், இந்த முறை கொஞ்சம் பெரிதாகப் போடலாம்’ என்று பேச்சு எழும். எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் திட்டம் முதலில் இந்தத் திசையில்தான் இருந்தது. சில்லர்களை மாற்றி, கொள்ளளவையும் கூட்டுவது.

2009-இல் அறிவிக்கப்பட்ட புதுப்பிப்புத் திட்டம் அந்தப் பேச்சை நிறுத்திவைத்தது. உரிமையாளர் தரப்பில் ஆண்டனி மால்கின். உடன் ஜான்சன் கன்ட்ரோல்ஸ், ஜோன்ஸ் லாங் லசால், கிளிண்டன் காலநிலை முன்முயற்சி, ராக்கி மவுண்டன் இன்ஸ்டிட்யூட் ஆகிய அமைப்புகள். அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகளைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்து, கடைசியில் எட்டை எடுத்துக்கொண்டார்கள். சில்லர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அவர்கள் முதலில் தீர்மானிக்கவில்லை. கட்டடத்துக்குள் வெப்பம் எந்தெந்த வழியாக வருகிறது, அவற்றில் எவற்றை அடைக்க முடியும் என்றே பார்த்தார்கள்.

வழிகளில் பெரியது ஜன்னல். கட்டடத்தில் மொத்தம் 6,514 ஜன்னல்கள். எல்லாமே இரண்டு கண்ணாடித் தகடுகள் கொண்டவை. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவது சுலபமான வழி. அதைச் செய்யாமல், கட்டடத்தின் ஐந்தாம் தளத்திலேயே ஒரு சிறு பட்டறையை நிறுவினார்கள். ஒவ்வொரு ஜன்னலும் சட்டத்திலிருந்து கழற்றப்பட்டு அங்கே வந்தது. இரண்டு தகடுகளையும் பிரித்துக் கழுவினார்கள். நடுவே, வெப்பக் கதிரைத் திருப்பியனுப்பும் மெல்லிய படலம் ஒன்றை இழுத்துக் கட்டினார்கள். இடைவெளியில் காற்றுக்குப் பதிலாக ஆர்கான், கிரிப்டான் வாயுக்களை நிரப்பி, ஓரங்களை மூடி, பழைய இடத்திலேயே பொருத்தினார்கள். பழைய பொருளில் 96 சதவீதம் மறுபடியும் பயன்பட்டது.

அந்தப் படலமும் வாயுவும் ஏன்? ஒளி உள்ளே வரட்டும், வெப்பம் வெளியிலேயே தங்கட்டும் என்பதுதான் நோக்கம். படலத்தின் மேல் உள்ள உலோகப் பூச்சு கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிட்டு, அகச்சிவப்புக் கதிரைத் திருப்பிவிடும். ஆர்கானும் கிரிப்டானும் காற்றைவிட மந்தமாக வெப்பம் கடத்துபவை. நடுவில் படலம் இருப்பதால் இடைவெளி இரண்டாகப் பிரிந்து, உள்ளே வாயு சுழன்று வெப்பத்தைத் தூக்கிச்செல்வதும் குறைகிறது. மூன்றும் சேர்ந்து, அதே பழைய கண்ணாடியின் வெப்பத்தடைத் திறனைப் பல மடங்கு உயர்த்தின.

அடுத்த வழி விளக்குகள். எரியும் விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது. நம் ஊர் கணக்கிலேயே பாருங்கள். பழைய 40 வாட் ட்யூப்லைட் தன் செம்புச் சோக்கோடு சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதே வெளிச்சத்தை 20 வாட் எல்.இ.டி. தருகிறது. 2,000 விளக்குகள் உள்ள அலுவலகத்தில் மாற்றினால் விளக்குச் சுமையில் 60 கிலோவாட் குறையும். அத்தோடு, அந்த 60 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டிய வேலையும் இல்லாமல் போகிறது. அது 17 டன். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு மனிதரும் 100 வாட்டுக்குக் குறையாத வெப்பத்தை விடுகிறார். ஆயிரம் பேர் என்றால் சுமார் 30 டன். மனிதரைக் குறைக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. விளக்கைக் குறைக்கலாம். பகலில் ஜன்னலோர விளக்கு தானே மங்கும்படி செய்யலாம். ஆளில்லாத மேசையில் கணினி உறங்கும்படி செய்யலாம். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் வாடகைக்கு இருந்த நிறுவனங்களிடம் இதையெல்லாம் செய்யச் சொன்னார்கள். அவரவர் செலவு அவரவருக்குத் தெரியும்படி தனித்தனி மின்அளவிகளும் திட்டத்தில் இருந்தன.

இவை அனைத்தும் சேர்ந்து கட்டடத்தின் உச்சக் குளிரூட்டும் தேவை 1,600 டன் குறையும் என்று கணக்கிட்டார்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐஸ் ஹவுஸ் மொழியில் சொன்னால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,450 மெட்ரிக் டன் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றவே தேவையில்லாமல் போயிற்று.

இதற்குப் பிறகுதான் அவர்கள் சில்லர் அறைக்குப் போனார்கள். அங்கே பெரிய சில்லருக்குத் தேவையே இல்லை. இருந்த நான்கு மின் சில்லர்களின் வெளிக்கூடு நன்றாகவே இருந்தது. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் குழாய்கள், மோட்டார்கள், கட்டுப்பாட்டுக் கருவிகளை மாற்றினார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவியும் சேர்ந்தது. விரிவாக்கத்தைத் தவிர்த்ததில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் மிச்சமானது. ஜன்னலுக்குச் செலவு செய்யத் தயங்குபவர்கள் இந்த எண்ணை இருமுறை படிக்க வேண்டும்.

வி.எஃப்.டி.யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைக்கும் விதி அதற்குள்தான் இருக்கிறது. ஒரு பம்ப் அல்லது மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தால் தள்ளும் நீரோ காற்றோ அதே விகிதத்தில் குறையும். ஆனால் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடியாகக் குறையும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் 51 சதவீதம். பாதி வேகத்துக்குக் கொண்டுவந்தால் எட்டில் ஒரு பங்கு போதும். வேகம் பாதியானால் ஓட்டமும் பாதியாகிறது. அந்த ஓட்டம் குழாயில் சந்திக்கும் எதிர்ப்பு கால்பங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் எட்டில் ஒன்று. நீர் சுற்றிச்சுற்றி வரும் மூடிய குழாய்ச் சுற்றில்தான் இந்தக் கணக்கு முழுதாகப் பலிக்கும். மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரில் இந்த லாபத்தை எதிர்பார்க்க முடியாது, அங்கே உயரத்தை வெல்லும் வேலை குறைவதில்லை.

பழைய கட்டடங்களில் பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடும். நீர் குறைவாகப் போதும் என்றால் வால்வை இறுக்குவார்கள். வயல் மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, குழாய் வாயை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போன்றது அது. மோட்டார் உழைக்கிறது, கை வலிக்கிறது, பாத்தியில் பாய்வது கொஞ்சம்.

இந்த மும்மடி விதி இவ்வளவு பலன் தருவதற்குக் காரணம், எந்தக் கட்டடமும் ஆண்டு முழுவதும் முழுச் சுமையில் ஓடுவதில்லை என்பது. ஆண்டிலேயே மிகக் கொடிய பகல்பொழுதுக்காக அமைப்பை வடிவமைக்கிறோம். மற்ற நேரமெல்லாம் பாதி, முக்கால் சுமைதான். போதாததற்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் சேர்க்கிறார்கள். வடிவமைப்பாளர் 10 சதவீதம், ஆலோசகர் 15, ஒப்பந்ததாரர் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 45 என்று தோன்றும். உண்மையில் இவை ஒன்றன்மேல் ஒன்று பெருகுகின்றன: 1.10 × 1.15 × 1.20, அதாவது ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் தன் திறமையான வேகத்தை எட்டாமல், நின்று நின்று ஓடித் தேய்கிறது. எச்சரிக்கை உணர்வு என்ற பெயரில் நடக்கும் இந்த வீணடிப்பை நான் பெரும் தவறாகவே கருதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு அதன் விலையை அந்தக் கட்டடம் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும்.

எட்டு வேலைகளால் கிடைக்கும் என்று கணக்கிட்ட மொத்த ஆற்றல் மிச்சம் 38 சதவீதம். அதில் சில்லர் சீரமைப்பின் பங்கு வெறும் 5. ஜன்னல்களுக்கும் 5தான். தளத்துக்கு நான்காகக் கூரையில் தொங்கிய ஏ.எச்.யூ.க்களுக்குப் பதில், காற்றின் அளவை மாற்றிக்கொள்ளும் இரண்டு தரைவகைப் பெட்டிகளை வைப்பதற்கு இன்னொரு 5. மிகப் பெரிய பங்கு, 9, யார் கண்ணிலும் படாத ஒன்றுக்குப் போயிற்று: கட்டுப்பாட்டு அமைப்பு. காற்றில் இயங்கிய பழைய கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டு, எந்தத் தளத்தில் என்ன வெப்பநிலை, எந்த வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் உணரிகளைப் பொருத்தினார்கள். கார்பன் டை ஆக்சைடு உணரிகளும் வந்தன. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்காக இருக்கும் அந்த வாயு, ஆட்கள் நிறைந்த அறையில் ஏறிக்கொண்டே போகும். அது ஏறினால் வெளிக்காற்றைக் கூட்டு, ஆளில்லாமல் இறங்கினால் குறை. காலியான கூட்ட அரங்குக்கு வெளிக்காற்றை இழுத்துக் குளிர்வித்து அனுப்பும் வேலை இப்படி நின்றது.

நம் கடற்கரை நகரங்களில் இந்த வெளிக்காற்றுக் கணக்கு இன்னும் கடுமையானது. நியூயார்க்கில் செய்ததை அப்படியே பெயர்த்து நடமுடியாத இடம் இதுதான். சென்னையில் புழுக்கமான நாளில் ஒரு கிலோ காற்றில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரியில் வசதியாக உணரும் அறைக்காற்றில் 10 கிராம்தான் இருக்கலாம். மீதியைச் சுருளில் படியவைத்துச் சொட்டுச் சொட்டாக வடித்தாக வேண்டும். நீரை 7 டிகிரி வரை குளிர்விப்பதே பெரும்பாலும் இந்த ஈரத்தை எடுக்கத்தான். அறையைக் குளிர்விக்க மட்டும் என்றால் 15, 16 டிகிரி நீரே போதும். இதைப் புரிந்துகொண்டு, ஈரம் எடுக்கும் வேலையையும் குளிர்விக்கும் வேலையையும் பிரித்தார்கள் இன்ஃபோசிஸ் பொறியாளர்கள். ஹைதராபாத் வளாகத்தில் 2011-இல் கட்டிய ஒரு கட்டடத்தை இரண்டு சம பாதிகளாக்கினார்கள். ஒரு பாதியில் வழக்கமான காற்றுவழி ஏசி. மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்து, அதில் மிதமான குளிர்நீரை ஓடவிட்டு, வெளிக்காற்றுக்கு மட்டும் தனிக் கருவி வைத்தார்கள். இரண்டாம் பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்த மின்சாரத்தில் ஓடியது. பழைய கட்டடத்தில் தளத்துக்குள் குழாய் பதிக்க முடியாது. ஆனால் வெளிக்காற்றைத் தனியே உலர்த்தி அனுப்பும் கருவியை எந்தப் பழைய கட்டடத்திலும் சேர்க்கலாம்.

கூலிங் டவருக்கும் நம் ஊரில் தனிக் கவனம் வேண்டும். போர் தண்ணீரின் உப்பு கண்டென்சர் குழாய்களுக்குள் படிந்து ஓடுபோல் இறுகும். அந்த மெல்லிய படிவம் வெப்பத்தைத் தடுக்க, கம்ப்ரசர் கூடுதல் அழுத்தத்தில் உழைக்கும். பழைய சில்லர் ‘திறன் இழந்துவிட்டது’ என்று ஓரங்கட்டும் முன் அதன் குழாய்களைத் தேய்த்துக் கழுவிப் பார்த்தோமா என்று கேட்பது நியாயம்.

உண்மையிலேயே மாற்றும் நிலை வந்தால், உள்ளே இருக்கும் குளிர்பொருளை மறக்கக் கூடாது. பழைய பெரிய சில்லர்களில் நிரப்பியிருந்த சி.எஃப்.சி. வகை வாயு ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை அதைப் படிப்படியாக நிறுத்தியது. மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகமாகப் புவியைச் சூடாக்கும். 2016-இன் கிகாலி திருத்தம் இந்த வகையைக் குறைக்கச் சொல்கிறது. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் பிடித்து ஒப்படைக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் அலுவலகங்கள் பலவற்றில் அளவுக்கு மீறிக் குளிர்விக்கிறோம். வெளியே 38 டிகிரி கொளுத்தும்போது உள்ளே பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்கிறார்கள். இதற்கு ஒரு பழைய கணக்குப் பிழையும் காரணம். அறை வசதிக்கான தரக்கணக்கு 70 கிலோ எடையுள்ள நாற்பது வயது ஆணின் உடல்வெப்பத்தை வைத்து எழுதப்பட்டது. பெண்களின் உடல் விடும் வெப்பத்தை அது கூட்டிக் கணக்கிடுகிறது என்று 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கிங்மாவும் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட்டும் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் காட்டினார்கள். வெப்பநிலையை 22-இலிருந்து 24-க்கு உயர்த்தப் பைசா செலவில்லை. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது நம் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்லும் கணக்கு.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் இந்த ஆற்றல் சிக்கனத்துக்காகக் கூடுதலாகச் செலவிட்ட தொகை 1 கோடியே 32 லட்சம் டாலர். எல்லா வேலையும் முடிந்ததும் ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் மிச்சமாகும் என்பது மதிப்பீடு. மூன்றே ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். முதல் ஆண்டு அளந்து பார்த்தபோது, உறுதியளித்ததைவிட 5 சதவீதம் அதிகமாகவே மிச்சமாகியிருந்தது.

உங்கள் அலுவலகத்திலோ அடுக்குமாடி வளாகத்திலோ சில்லரை மாற்றும் பேச்சு எழுந்தால், விலைப்புள்ளி கேட்பதற்குமுன் ஓராண்டு லாக் புத்தகத்தைக் கேளுங்கள். நீர் எத்தனை டிகிரியில் போய் எத்தனை டிகிரியில் திரும்பியது, முழுச் சுமையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதில் இருக்கும். அப்படி ஒரு புத்தகம் இல்லையென்றால், நாளையிலிருந்து எழுதத் தொடங்கச் சொல்லுங்கள். அது எழுதி முடிவதற்குள் மேற்குப் பக்க ஜன்னல்களைக் கவனித்துவிடலாம்.